‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை ஏன் பூட்டி வைத்தார்கள்?

நம்ம ஊர்ப் பேருந்தில் கண்டக்டர் ‘ரைட்’ என்று குரல் கொடுத்தால் எந்த ஓட்டுநரும் வலப்பக்கம் ஸ்டியரிங்கை ஒடிப்பதில்லை. ‘ரைட்’ என்றால் கிளம்பலாம். விசிலும் அப்படித்தான். ஒன்று அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் எடு.

இதே ‘ரைட்’டை ஒரு விமானியின் காதில் போட்டால் கதை வேறு. வலப்பக்கம் திரும்பச் சொல்கிறாரா, நான் சொன்னது சரி என்கிறாரா? அதனால் விமானங்களுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கும் நடக்கும் வானொலிப் பேச்சில் ‘ரைட்’ வலப்பக்கத்துக்கு மட்டும் சொந்தம். சொன்னது சரி என்றால் ‘கரெக்ட்’. ஆமாம் என்றால் ‘அஃபர்ம்’. ‘அஃபர்மேட்டிவ்’ என்று முழுதாகச் சொல்வதில்லை. ‘நெகட்டிவ்’வும் அதே ஓசையில்தான் முடிகிறது, கரகரப்பில் முன்பாதி அடிபட்டு வால் மட்டும் காதில் விழுந்தால் ஆமாமா இல்லையா என்று தெரியாமல் போகும்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் ஐநாவின் கீழ் இயங்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகேஓ, தடிமனான கையேடுகளாக எழுதி வைத்திருக்கிறது. கட்டுப்பாட்டாளர்கள் பேச வேண்டிய வாக்கியங்கள் ‘டாக் 4444’ என்ற ஆவணத்தில் இருக்கின்றன. சுருக்கெழுத்துகளுக்கு ‘டாக் 8400’ என்று தனி ஆவணமே உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இலக்கண வாத்தியார் வேலை மாதிரி தோன்றும். ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் பேசிக்கொள்ள எதற்கு இத்தனை சட்டம்?

விபத்து அறிக்கைகளைப் படித்தால் ஒன்று புலப்படும். புரியாத சொல் பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை. புரியாவிட்டால் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்டுவிடுவோம். புரிந்துவிட்டது என்று நினைக்கிற சொல்தான் கொல்கிறது. அங்கே யாருக்கும் கேட்கத் தோன்றுவதே இல்லை.

1977 மார்ச் 27. கேனரி தீவுகளில் உள்ள டெனெரீஃப், லாஸ் ரோடியோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவான கிரான் கேனரியாவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் அங்கே இறங்க வேண்டிய விமானங்களெல்லாம் இந்தச் சின்ன நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. ஓடுபாதைக்குப் போய்வரும் இணைப்புப் பாதையான டாக்ஸிவேயில் விமானங்கள் அடைத்துக்கொண்டு நின்றதால், புறப்பட வேண்டியவை ஓடுபாதையிலேயே ஊர்ந்து அதன் முனைக்குப் போக வேண்டிய நிலை. போதாததற்கு மூடுபனி. ஒரு முனையில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன ஜம்போ புறப்படத் தயாராகத் திரும்பி நிற்கிறது. அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் ஜம்போ அதை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க முடியாது. கோபுரத்தில் இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. தரை ரேடாரும் இல்லை.

அப்போது கோபுரம் கேஎல்எம் விமானத்துக்கு ஓர் அனுமதியைப் படிக்கிறது. அது புறப்படுவதற்கான அனுமதி அல்ல. புறப்பட்ட பிறகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த உயரத்துக்குப் போக வேண்டும் என்ற வழித்தட அனுமதி மட்டுமே. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ‘ரைட் டர்ன் ஆஃப்டர் டேக்-ஆஃப்’ என்று ஒரு துண்டு இருந்தது. ‘கிளியர்டு’ என்ற சொல்லும் இருந்தது. அவசரத்தில் இருந்த ஒரு காதுக்கு இந்த இரண்டும் போதும். துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுக் கடைசியில் சேர்த்தார்: ‘வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்’.

இதற்கு என்ன அர்த்தம்? கோபுரம் அதைப் ‘புறப்படும் இடத்தில் நிற்கிறோம்’ என்று எடுத்துக்கொண்டது. துணை விமானி சொன்னது ‘புறப்பட்டுக்கொண்டிருக்கிறோம்’ என்பதாக இருந்திருக்கலாம். டச்சு மொழியில் ஒரு செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் அமைப்பு ஆங்கிலத்தில் இப்படி ‘அட்’ போட்டு வெளிவந்திருக்கலாம் என்று மொழியியலாளர்கள் சிலர் சொல்கிறார்கள். தமிழர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. போனில் ‘இதோ வந்துட்டேன்’ என்று சொல்கிறவர் வாசலில் நிற்கலாம், பாதி வழியில் இருக்கலாம், இன்னும் குளிக்கவே போகாமலும் இருக்கலாம். கேட்பவர் தனக்குத் தோதான அர்த்தத்தை எடுத்துக்கொள்கிறார்.

கோபுரம் ‘ஓகே’ என்றது. சற்று இடைவெளி விட்டு, ‘ஸ்டாண்ட் பை ஃபார் டேக்-ஆஃப், ஐ வில் கால் யூ’ என்றது. அந்த இரண்டாவது பகுதி பேசப்பட்ட அதே கணத்தில் பான் ஆம் விமானி பதறிப்போய், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று குறுக்கே பேசினார். ஒரே அலைவரிசையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சும் கெடும். கேஎல்எம் அறையில் தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும். மிச்சமெல்லாம் கீச்சென்ற ஓசையோடு கலந்துவிட்டது. 583 பேர் இறந்தார்கள். விமானப் பயண வரலாற்றில் இதைவிட அதிகம் பேர் இறந்த விபத்து இல்லை.

மூடுபனி, நெரிசல், வேலை நேரம் முடிந்துவிடுமே என்ற பதற்றம், கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர் என்பதால் மற்றவர்களுக்கு அவரை மறுத்துப் பேச இருந்த தயக்கம் என்று காரணங்கள் பல உண்டு. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுச் சொல்லை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஆனால் விபத்துக்குப் பின் செய்த மாற்றங்களில் மிக எளிமையானது சொல்லில் செய்ததுதான். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைப் பூட்டிவிட்டார்கள். புறப்படும் அனுமதியைக் கொடுக்கும்போதும், கொடுத்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே கட்டுப்பாட்டாளர் அதை உச்சரிக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. ‘ரெடி ஃபார் டிபார்ச்சர்’ என்று விமானி சொல்வதைக் கேட்டிருக்கலாம். பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. காதில் விழும் ஓசையில்தான் வித்தியாசம், தேவைப்பட்டதும் அதுதான்.

‘ஓகே’வுக்கும் இதே கதிதான். தமிழில் ‘சரி’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கேட்டேன், ஒப்புக்கொள்கிறேன், செய்கிறேன், போதும் விடு என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறோம். வானொலியில் இந்த வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது என்று மட்டும் பொருள். செய்வேன் என்ற உறுதி அதில் இல்லை. அதற்கு ‘வில்கோ’. சினிமாவில் எல்லாவற்றுக்கும் ரோஜர் சொல்வது சினிமாவோடு போகட்டும்.

எண்களுக்கு வருவோம். தமிழ் எழுத்தில் எழுதினால் இந்தப் பிரச்சினை கண்ணுக்கே தெரிந்துவிடும்: இரண்டு என்பதும் ‘டூ’, ஓர் இடம் வரை என்பதும் ‘டு’. 1989 பிப்ரவரி 19 அன்று சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு வந்த ஃப்ளையிங் டைகர் 66 என்ற 747 விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர் சொன்னது: ‘டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’. 2400 அடிக்கு இறங்கு என்பது அவர் கருத்து. விமானியின் பதில்: ‘ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ’. அதாவது 400 அடி. முதல் ‘டூ’ எண்ணாகக் காதில் விழவில்லை, ‘வரை’ என்று விழுந்துவிட்டது. திருப்பிச் சொன்னதில் இருந்த பிழையைக் கட்டுப்பாட்டாளரும் பிடிக்கவில்லை. விமானம் ஓடுபாதையை எட்டும் முன்பே மலைச்சரிவில் மோதியது. அதிலிருந்த நால்வரும் இறந்தார்கள். அந்த வட்டாரத்தில் ‘கேயெல்’ என்ற ஒரே பெயர் நான்கு வெவ்வேறு இடங்களைக் குறிக்கப் புழங்கிக்கொண்டிருந்தது என்பதும் அப்போது பேசப்பட்டது.

விதிப்படி அந்த ஆணை ‘டிசெண்ட் டு ஆல்டிட்யூட் டூ தௌஸண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபீட்’ என்று வந்திருக்க வேண்டும். நீளம்தான். ஆனால் ‘ஆல்டிட்யூட்’ என்ற சொல் நடுவில் நின்று ‘டு’வையும் ‘டூ’வையும் பிரித்துவிடுகிறது. ‘தௌஸண்ட்’ இருந்தால் முதல் எண் தொலைய வழியில்லை. எண்களின் உச்சரிப்பையும் வளைத்து வைத்திருக்கிறார்கள்: மூன்றுக்கு ‘ட்ரீ’, ஐந்துக்கு ‘ஃபைஃப்’, ஒன்பதுக்கு ‘நைனர்’. ஆங்கிலத்தில் ‘ஃபைவ்’வும் ‘நைன்’னும் இரைச்சலில் ஒன்று போலவே கேட்கும்.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு மேற்கே சார்க்கி தாத்ரி வானில் சவூதி ஜம்போவும் கசக்ஸ்தான் இல்யூஷின் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்ட கசக் விமானம் 14,000 அடியை நோக்கி இறங்கிவிட்டது என்பதே விசாரணை ஆணையத்தின் முடிவு. கசக் விமானி அறையில் ஆங்கிலம் பேசும் பொறுப்பு ரேடியோ ஆபரேட்டருடையது. எதிரே வரும் விமானத்தின் உயரம் ‘ஒன் ஃபோர் ஸீரோ’, அதாவது 14,000 அடி என்பது கசக் விமானத்துக்குத் தகவலாகச் சொல்லப்பட்டது. தகவலாக வந்த அந்த எண்ணை ஆணையாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்ற கருத்து உண்டு. இந்த விபத்துக்குப் பிறகுதான் மோதல் தவிர்ப்புக் கருவி இந்தியாவில் கட்டாயமானது.

ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு பொருளில் புழங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைத்தான் கைகாட்ட வேண்டும். ‘டாக்ஸி டு ஹோல்டிங் பொசிஷன்’ என்றால் உலக வழக்கில் ஓடுபாதைக்கு வெளியே, கோட்டுக்கு முன்னால் நில் என்று பொருள். அமெரிக்காவிலோ பல பத்தாண்டுகளாக ‘டாக்ஸி இண்டு பொசிஷன் அண்ட் ஹோல்ட்’ என்றொரு ஆணை இருந்தது. அதற்கு ஓடுபாதைக்குள் நுழைந்து, திரும்பி, காத்திரு என்று பொருள். இரண்டிலும் டாக்ஸி, பொசிஷன், ஹோல்ட் என்ற அதே மூன்று சொற்கள். ஒன்று ஓடுபாதைக்கு வெளியே நிறுத்துகிறது, மற்றது உள்ளே அனுப்புகிறது. ஐரோப்பாவிலிருந்து முதல் முறை நியூயார்க் போகும் விமானிக்கு இது எப்படிப்பட்ட கண்ணிவெடி! உலக வழக்கான ‘லைன் அப் அண்ட் வெயிட்’டுக்கு அமெரிக்கா மாறியது 2010 செப்டம்பர் 30 அன்று. டெனெரீஃப் நடந்து 33 ஆண்டுகள் கழித்து! பெரிய நாடு பழக்கத்தை மாற்றிக்கொள்ள எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இதைவிட அளவுகோல் வேண்டியதில்லை.

சுருக்கங்களின் ஆபத்து வேறு வகை. சுருக்கம் என்றாலே எதையோ வெட்டி எறிந்திருக்கிறோம் என்றுதான் பொருள். வெட்டியதை எதிராளி மனதுக்குள் சரியாக ஒட்டிக்கொள்வார் என்று நம்புகிறோம்.

1995 டிசம்பர் 20 இரவு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965 கொலம்பியாவின் காலி நகரில் இறங்க வந்தது. ஓடுபாதைக்கு அருகே ‘ரோஸோ’ என்ற வழிகாட்டி வானொலி நிலையம். வரைபடத்தில் அதன் அடையாளம் ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்து. விமானிகள் கணினியில் ‘ஆர்’ என்று தட்டினார்கள். வந்த பட்டியலில் முதலாவதைத் தேர்ந்தார்கள். ஆனால் அந்த நாட்டிலேயே இன்னொரு ‘ஆர்’ இருந்தது: 132 கடல் மைல் தொலைவில், தலைநகர் பொகோட்டாவில் இருந்த ‘ரோமியோ’. கணினியின் தரவுத் தொகுப்பு ‘ஆர்’ என்ற எழுத்தை அதற்குக் கொடுத்திருந்தது. ரோஸோ வேண்டுமென்றால் முழுப் பெயரையும் தட்ட வேண்டும். இந்த விவரம் வரைபடத்தில் இல்லை. கணினி சொன்னதைச் செய்தது. இருட்டில், இருபுறமும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில், விமானம் பொகோட்டாவை நோக்கி இடப்பக்கம் திரும்பியது. தவற்றை உணர்ந்து திரும்பி வருவதற்குள் மலை வந்துவிட்டது. 159 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். காகிதத்தில் ஒரு ‘ஆர்’, கணினியில் வேறு ‘ஆர்’. இரண்டையும் தயாரித்தவர்கள் அவரவர் விதிப்படி சரியாகத்தான் செய்திருந்தார்கள்.

‘கியூ’வில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடுகள் தந்திக் காலத்து மிச்சம். மோர்ஸில் முழு வாக்கியம் தட்ட நேரமாகும் என்று வந்தவை, இன்னும் போகவில்லை. கியூஎன்எச் என்ற காற்றழுத்த எண்ணை உயரமானியில் வைத்தால் கடல் மட்டத்திலிருந்து உயரம் காட்டும். கியூஎஃப்இ வைத்தால் அந்த விமான நிலையத் தரையிலிருந்து உயரம் காட்டும். கடலோரச் சென்னையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு வராது. பெங்களூருவில் வைத்துப் பாருங்கள், 3000 அடி இடிக்கும்.

அதைவிட நுணுக்கமான பொறி ஒன்று உண்டு. அமெரிக்காவில் காற்றழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள்: 29.92 என்பது வழக்கமான அளவு. பேச்சில் முன்னால் இருக்கும் இரண்டை விழுங்கிவிட்டு ‘நைன் நைன் டூ’ என்பதும் உண்டு. மற்ற பெரும்பாலான நாடுகளில் அளவு ஹெக்டோபாஸ்கல். அங்கே ஒரு மழை நாளில் அழுத்தம் இறங்கி 992 ஆகிறது என்று வையுங்கள். கோபுரம் ‘நைன் நைன் டூ’ என்கிறது. அமெரிக்கப் பழக்கமுள்ள விமானி 29.92 என்று திருகி வைக்கிறார். திருப்பிச் சொல்லும்போதும் ‘நைன் நைன் டூ’ என்றுதான் சொல்வார், அது சரியாகவே இருக்கும்! ஆனால் விமானம் உயரமானி காட்டுவதைவிட ஏறத்தாழ 600 அடி கீழே பறந்துகொண்டிருக்கும். அழுத்தம் 1000-க்குக் கீழே போனால் ‘ஹெக்டோபாஸ்கல்’ என்ற சொல்லைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று பிரிட்டன் விதி வைத்திருப்பது இதனால்தான்.

எழுத்துச் சுருக்கங்களில் நோட்டாம் என்ற அறிவிப்புகள் தனிப் புலம்பலுக்கு உரியவை. ஓடுபாதை மூடல், விளக்குப் பழுது, பக்கத்தில் கிரேன் நிற்பது என்று எல்லாம் பெரிய எழுத்தில், உயிரெழுத்துகள் உதிர்ந்த தந்தி நடையில் பக்கம் பக்கமாக வரும். 2017 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று ஓடுபாதை என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையாக நின்ற டாக்ஸிவேயில் இறங்கப் பார்த்தது. மயிரிழையில் தப்பியது. இரட்டை ஓடுபாதைகளில் ஒன்று மூடப்பட்டிருக்கிறது என்ற செய்தி விமானிகளிடம் இருந்தது, 27 பக்கக் கட்டில் 8ஆவது பக்கத்தில்.

இதுவரை பார்த்தவை ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்த கதைகள். சரியான சொல் வராமலே போன கதையும் உண்டு. 1990 ஜனவரி 25, நியூயார்க். கொலம்பியாவிலிருந்து வந்த அவியங்கா 52 மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் வானில் வட்டமடிக்க வைக்கப்பட்டது. எரிபொருள் குறைகிறது. துணை விமானி ‘பிரையாரிட்டி’ வேண்டும் என்றார். ‘வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்’ என்றார். ‘எமர்ஜென்சி’ என்றோ, உயிர் ஆபத்துக்கான அழைப்பான ‘மேடே’ என்றோ சொல்லவில்லை. அறைக்குள் கேப்டன், அவசரநிலை என்று சொல்லிவிட்டாயா என்று ஸ்பானிஷில் கேட்க, சொல்லிவிட்டேன் என்கிறார் இவர். அவரைப் பொறுத்தவரை சொல்லிவிட்டார். கட்டுப்பாட்டாளருக்கோ அந்த மாலையில் எல்லா விமானத்துக்கும்தான் எரிபொருள் குறைகிறது. முதல் முறை இறங்க முடியாமல் மேலே எழும்பிய பிறகு, பதினைந்து மைல் சுற்றிக் கொண்டுவருகிறேன், உங்களுக்கும் உங்கள் எரிபொருளுக்கும் அது பரவாயில்லையா என்று கட்டுப்பாட்டாளர் கேட்கிறார். ‘ஐ கெஸ் ஸோ, தேங்க்யூ வெரி மச்’ என்பது பதில். அந்த மரியாதையை ஒலிப்பதிவின் எழுத்துவடிவில் படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது. பெரியவர்களிடம் குரலை உயர்த்தாமல் வளர்ந்த யாருக்கும் அது அந்நியமாகத் தெரியாது. நான்கு என்ஜின்களும் ஒவ்வொன்றாக நின்றன. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இன்று இதற்கு இரண்டு படிகள் வரையறுத்திருக்கிறார்கள். ‘மினிமம் ஃப்யூயல்’ என்றால், இனி இந்த ஒரே இடத்தில்தான் இறங்க முடியும், தாமதம் தாங்காது. ஆனால் இது அவசரநிலை அல்ல. ‘மேடே’ என்று மூன்று முறை சொல்லி ‘ஃப்யூயல்’ என்று முடித்தால் அவசரநிலை. நடுவில் பணிவுக்கோ ஊகத்துக்கோ இடமில்லை.

இத்தனை வேலிகளுக்குப் பிறகும் ஒரு சொல் நழுவி வெளியே வந்தது. 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா. நோட்டோ நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும் கடலோரக் காவல் விமானத்திடம் கோபுரம் சொன்னது: ‘நம்பர் ஒன், டாக்ஸி டு ஹோல்டிங் பாயிண்ட் சி5’. புறப்படும் வரிசையில் நீங்கள் முதலாவது, ஓடுபாதைக்கு வெளியே சி5 கோட்டில் நில்லுங்கள். விமானி திருப்பிச் சொன்னார், பிழையே இல்லாமல். பிறகு ஓடுபாதைக்குள் போய் ஏறத்தாழ நாற்பது நொடி நின்றார். பின்னால் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் ஏ350 அதன் மேல் மோதியது. அந்தப் பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறிப் பிழைத்தார்கள். சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பிழைத்த கேப்டன், உள்ளே நுழைய அனுமதி கிடைத்ததாகவே நம்பியிருந்தார். ‘நம்பர் ஒன்’ என்ற மரியாதையான தகவலே அந்த எண்ணத்தை விதைத்ததா என்ற கேள்வி எழுந்தது. சில நாட்களிலேயே ஜப்பான் அரசு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தியது.

ஃப்ளையிங் டைகரில் திருப்பிச் சொன்னது தப்பாக இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஹனேடாவில் திருப்பிச் சொன்னது சரியாக இருந்தது, புரிந்துகொண்டதுதான் தப்பு. திருப்பிச் சொல்லும் முறை வாயைத்தான் சோதிக்கிறது, மனதை அல்ல. ஓடுபாதை காலியாக இல்லாவிட்டால் தானே சிவப்பாக எரியும் விளக்குகள், கட்டுப்பாட்டாளரின் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கத் தனி ஆள் என்று பேச்சைச் சாராத தடுப்புகள் கேட்கப்படுவது இதனால்தான்.

கடல்களின் மேல் இன்று ஆணைகள் பெரும்பாலும் எழுத்தாகவே போகின்றன. சிபிடிஎல்சி என்ற அந்த முறையில் கட்டுப்பாட்டாளர் ஆயத்த வாக்கியம் ஒன்றைத் தேர்ந்து உயரத்தை மட்டும் நிரப்புகிறார். விமானி திரையில் படித்துவிட்டு ‘வில்கோ’ அல்லது, முடியாது என்றால், ‘அனேபிள்’ பொத்தானை அழுத்துகிறார். ‘டூ’வும் ‘டு’வும் அங்கே குழம்ப வழியில்லை. ஆனால் அந்தத் திரையிலும் சொந்த வாக்கியம் தட்டுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஆயத்த வாக்கியம் எதுவும் பொருந்தாவிட்டால் ஒழிய அதைத் தொட வேண்டாம் என்று கையேடு சொல்கிறது.